நரம்பணுவைக் கண்டு காட்டிய கஹால்

மேலை நாட்டு அறிவியலறிஞர்களின் வரலாற்றை நம் பிள்ளைகளுக்கு எடுத்துரைக்கும்போது நியூட்டன், எடிசன், கியூரி அம்மையார் என்னும் சில பெயர்களோடு நாம் நின்றுவிடுகிறோம். காலில் முள் தைத்த செய்தி மூளைக்கு எவ்வாறு போய்ச் சேர்கிறது, மூளையின் கட்டளை கைக்கு எவ்வாறு வந்து சேர்கிறது என்னும் பெருவினாவுக்கு முதன்முதலில் வாயில் திறந்தவரின் பெயரை நம்மில் அறிந்தோர் மிகச் சிலரே. அவர் செல்வர் வீட்டுப் பிள்ளையல்லர். பள்ளியில் முதன்மை பெற்ற மாணவருமல்லர். முடி திருத்தும் கடையிலும் செருப்புத் தைக்கும் பட்டறையிலும் கைவேலை பழகியவர். அறிவியல் துறையில் ஐரோப்பாவின் பின்வரிசையில் இருந்த ஒரு நாட்டில், ஒரு நுண்ணோக்கியை வைத்துக்கொண்டு உலகப் பேரறிஞர்களின் கருத்தை மாற்றியவர். அவர்தாம் ஸ்பெயின் நாட்டுச் சான்டியாகோ ரமோன் இ கஹால்.

1852-ஆம் ஆண்டு மே திங்கள் முதல் நாள், ஸ்பெயினின் வடபகுதியில் பெட்டில்யா என்னும் மலைச் சிற்றூரில் அவர் பிறந்தார். தந்தையார் ஹுஸ்தோ ரமோன். தாயார் அன்டோனியா கஹால். அந்நாட்டு வழக்கப்படி பிள்ளைகள் தந்தைவழிப் பெயரையும் தாய்வழிப் பெயரையும் சேர்த்தே தாங்குவர். உலகமோ இவரைத் தாய்வழிப் பெயராலேயே கஹால் என்று அழைக்கிறது.

தந்தையாரைப் பற்றிச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். அவர் உழவர் குடியில் இளைய மகனாகப் பிறந்தவர். பரம்பரை நிலம் அவருக்கு வரவில்லை. சவரத் தொழிலோடு சிறு அறுவை மருத்துவமும் செய்து வந்த ஒருவரிடம் ஏவலாளாகச் சேர்ந்து எழுத்தும் மருத்துவமும் கற்றார். பின்னர்ப் பார்சிலோனா நகரை நடந்தே அடைந்து, முடி திருத்தும் கடையில் வேலை செய்துகொண்டே அறுவை மருத்துவம் பயின்று தேறினார். குடும்பம் வளர்ந்த பின்னரும் படிப்பை விடாது முழு மருத்துவப் பட்டமும் பெற்றார். இத்தகையவர்களுக்குப் பிள்ளை வளர்ப்பில் ஒரு கடுமை வந்துவிடுவதுண்டு. தாம் பட்ட பாட்டையெல்லாம் கண்ட ஹுஸ்தோ, தம் மகன் மருத்துவனாகவே வர வேண்டும், வேறெதுவும் ஆகக்கூடாது என்று முடிவு செய்திருந்தார். ஊர்ப்புறத்தில் கைவிடப்பட்ட ஒரு குகையில் சிறுவனை அமர்த்திப் பிரெஞ்சு மொழியைத் தாமே கற்பித்தார். அந்தப் பிரெஞ்சு பிற்காலத்தில் மகனை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதைப் பின்னர்க் காண்போம்.

சிறுவனுக்கோ ஓவியத்தின் மீது மட்டுமே தணியாத வேட்கை. சுவர், கதவு, தாள் எதையும் விட்டு வைக்கவில்லை. ஓவியம் சோறு போடாது என்பது தந்தையின் முடிவு. ஒருநாள் மகன் வரைந்த படத்தை, ஊர்க் கோயிலுக்கு வண்ணம் பூச வந்த ஒருவரிடம் காட்டி அவர் தீர்ப்பைக் கேட்டார். படம் வெறுங்கிறுக்கல் என்றும் பையனுக்குக் கலைத்திறன் இல்லை என்றும் அவர் சொல்லிவிட்டார். அன்று முதல் வீட்டில் வண்ணப் பெட்டிக்கு இடமில்லாமற் போயிற்று. சுவருக்கு வண்ணம் பூசுபவரிடம் ஓவியத் தீர்ப்புக் கேட்ட அந்த நிகழ்ச்சியை ஆசிரியர்களாகிய நாங்கள் மறக்கலாகாது.

பின்னர் ஹாக்கா என்னும் ஊரில் துறவியர் நடத்திய பள்ளியில் சேர்த்தனர். அங்கே இலத்தீன் இலக்கணத்தை நெட்டுருச் செய்ய வேண்டும். தவறினால் அடியும் பட்டினியும் அறையில் அடைப்பும். சிறுவன் கற்றது குறைவு, பட்டது மிகுதி. இடையில், மரத்தைக் குடைந்து ஒரு பீரங்கி செய்து வெடித்து, அண்டை வீட்டுத் தோட்டக் கதவைச் சிதைத்தமைக்காகப் பதினொரு வயதளவில் ஊர்ச் சிறையில் சில நாள் அடைபடவும் நேர்ந்தது. இவனுக்குப் படிப்பு ஏறாது என்று முடிவு கட்டிய தந்தை, முதலில் முடி திருத்துபவர் ஒருவரிடமும் பின்னர்ச் செருப்புத் தைப்பவரிடமும் வேலை பழக அனுப்பிவைத்தார்.

தந்தை இதைத் தண்டனை என்று கருதியே செய்தார். கைத்தொழிலைத் தண்டனை என்று எண்ணும் நோய் கடல் கடந்த நாடுகளிலும் இருந்திருக்கிறது. மகன் அவ்வாறு கருதவில்லை என்பதே இங்குக் குறிக்கத்தக்கது. தோலை அளந்து வெட்டுவது, குத்தூசியால் துளையிடுவது, மெழுகிட்ட நூலைச் சீராக இழுத்துத் தைப்பது ஆகியவற்றை ஆர்வத்தோடு கற்றுத் தேர்ந்தார். அழகு வேலைப்பாடுள்ள காலணிகளைச் செய்வதில் தாம் அடைந்த திறமையை முதுமையில் தன்வரலாறு எழுதியபோதும் பெருமையாகவே நினைவுகூர்ந்தார். நோபெல் பரிசு பெற்ற ஒருவர் தம் பட்டறை நாள்களை மறைக்காமல் எழுதி வைத்தார் என்பதை நம் இளைஞர்கள் அறிந்திருத்தல் நன்று. இது மட்டுமன்று. பிற்காலத்தில் மூளையை முடியினும் சற்றே தடித்த சீவல்களாகச் சவரக் கத்தியால் தம் கையாலேயே சீவி எடுத்தவர் அவர். அந்தக் கைநிதானம் எங்கே பிறந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

1868-ஆம் ஆண்டுக் கோடையில் தந்தை ஒரு புதிய வழியைக் கண்டார். கைவிடப்பட்ட இடுகாடு ஒன்றிலிருந்து மனித எலும்புகளைக் கொண்டுவந்து வீட்டிலேயே உடற்கூற்றுப் பாடம் தொடங்கினார். நெட்டுருவை வெறுத்த மகன், கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்து வரையத்தக்க பொருள் கிடைத்தவுடன் மாறிப்போனார். எலும்புகளை வரைந்தார், வரைந்ததால் நினைவில் நின்றன. தந்தை தடுத்த ஓவியமும் தந்தை விரும்பிய மருத்துவமும் ஒன்று சேர்ந்தன. பாடநூலைக் காட்டிலும் பொருளையே முதலில் மாணவன் கையில் கொடுக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று என் முப்பதாண்டு ஆசிரியப் பணியில் எனக்குக் கிட்டியதில்லை.

சரகோசா நகரில் மருத்துவம் பயின்று 1873-இல் தேறினார். உடனே படைத்துறை மருத்துவராக எடுத்துக்கொள்ளப்பட்டு, 1874-இல் அன்று ஸ்பெயினின் குடியேற்ற நாடாக இருந்த கியூபாவுக்கு அனுப்பப்பட்டார். அங்கு விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்தது. நல்ல இடத்தில் பணி கிடைக்கத் தந்தை வாங்கித் தந்த பரிந்துரைக் கடிதங்களை அவர் பயன்படுத்தவேயில்லை. அதன் விளைவாகச் சதுப்பு நிலத்தின் நடுவே கொசு மொய்க்கும் மருத்துவ முகாமுக்குத் தள்ளப்பட்டார். மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும் அவரை உருக்கின. நோயாளிகளுக்கு வந்த உணவு இடையிலேயே களவு போவதைக் கண்டு மேலதிகாரிகளோடு மோதினார். 1875-இல் உடல் நலிந்தவர் என்று விடுவிக்கப்பட்டு, எலும்புந்தோலுமாக ஊர் திரும்பினார். நிலுவைச் சம்பளத்தில் கைக்கு வந்ததைக் கொண்டு வீட்டிலேயே சிறிய ஆய்வுக்கூடம் ஒன்றை அமைக்கத் தொடங்கினார்.

1877-இல் முனைவர் பட்டத் தேர்வுக்காக மாட்ரிட் சென்றபோது அங்கே நுண்ணோக்கியின் கீழ் திசுக்களைக் கண்டார். கண்டதும் மனத்தைப் பறிகொடுத்தார். வெரிக் என்னும் நிறுவனத்தின் நுண்ணோக்கி ஒன்றைத் தவணை முறையில் வாங்கினார். மறு ஆண்டே காசநோய் தாக்கி வாயில் குருதி வந்தது. மலைக்காற்றும் ஓய்வும் அவரைப் பிழைக்க வைத்தன. 1879-இல் சில்வேரியா என்னும் அம்மையாரை மணந்தார். குறைந்த வருவாயில் பல பிள்ளைகள் பிறந்த குடும்பத்தை நடத்திக்கொண்டு, கணவரின் வேதிப்பொருள்களுக்கும் நூல்களுக்கும் மிச்சம் பிடித்தவர் அந்த அம்மையார். கஹாலின் புகழில் சரிபாதியை அவருக்குத் தருவது முறை.

1884-இல் வாலென்சியா பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றுப் பேராசிரியரானார். மறு ஆண்டு அப்பகுதியில் காலரா பரவியது. அந்நோய் பற்றி அவர் ஆராய்ந்து அளித்த அறிக்கைக்காகச் சரகோசா மாகாண ஆட்சியினர் அவருக்கு ஒரு சிறந்த ஜெர்மானிய நுண்ணோக்கியைப் பரிசாக அளித்தனர். பணமாகக் கொடுத்திருந்தால் குடும்பச் செலவில் கரைந்திருக்கும். கருவியாகக் கொடுத்தார்கள், அது உலகத்துக்கே பயன்பட்டது.

இனி நரம்பைப் பற்றிய செய்திக்கு வருவோம். உடல் முழுவதும் செல்கள் என்னும் தனித்தனி உயிரணுக்களால் ஆனது என்பது அக்காலத்தில் ஏற்றுக்கொள்ளப்பட்ட உண்மை. மூளையும் தண்டுவடமும் மட்டும் விலக்கு என்று பெரும்பாலோர் எண்ணினர். மூளைத் திசுவை நுண்ணோக்கியில் பார்த்தால் சிக்குப்பிடித்த நூற்கண்டு போலவே தோன்றும். எந்த இழை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கண்டறிய இயலாது. ஆகவே நரம்பிழைகள் யாவும் ஒன்றோடொன்று ஒட்டிப் பிணைந்து ஒரே வலையாக இருக்கின்றன என்றும், செய்தி அவ்வலையில் வாய்க்கால் நீர் போலத் தடையின்றி ஓடுகிறது என்றும் கருதினர்.

இத்தாலி நாட்டுக் கமில்லோ கோல்ஜி 1873-இல் ஒரு சாயமேற்றும் முறையை வெளியிட்டார். மூளைத் துண்டைப் பொட்டாசியம் டைகுரோமேட் கரைசலில் ஊறவைத்து, பிறகு வெள்ளி நைட்ரேட் கரைசலில் இட்டால், நூற்றுக்கு ஒன்றிரண்டு நரம்பு செல்கள் மட்டும் தலைமுதல் கால்வரை கறுத்துத் தெரியும். மற்றவை மஞ்சள் பின்னணியில் மறைந்து நிற்கும். நெருங்கிய கூட்டத்தில் ஓரிருவர் மட்டும் கறுப்புச் சட்டை அணிந்து நிற்பது போலக் கொள்ளலாம். வெள்ளி விழா மலருக்கு எழுதும் கட்டுரையில் வெள்ளி உப்பின் பெருமையையும் சொல்ல வாய்த்தது ஒரு மகிழ்ச்சி. இம்முறையைப் பயன்படுத்திய கோல்ஜியே வலைக் கொள்கையைத் தம் வாழ்நாள் முழுதும் விடாது பற்றி நின்றார் என்பது வியப்பு.

1887-இல் மாட்ரிட்டில் சிமாரோ என்னும் மருத்துவர் தம் வீட்டில் கோல்ஜி முறையில் செய்த சீவல்களைக் கஹாலுக்குக் காட்டினார். அவ்வாண்டே பார்சிலோனாவுக்கு மாறிய கஹால், வெறிகொண்டவர் போல் அவ்வேலையில் இறங்கினார். பிறர் அம்முறையைக் கைவிட்டதற்குக் காரணம் இருந்தது: அது ஒருமுறை பலித்தால் மறுமுறை பொய்க்கும். கஹால் இரண்டு மாற்றங்களைச் செய்தார். திசுவை இருமுறை கரைசல்களில் தோய்த்தார். அடுத்ததுதான் அவர் அறிவின் உயரம். வளர்ந்த விலங்கின் மூளையை விட்டுவிட்டு, முட்டைக்குள் இருக்கும் குஞ்சு, பிறந்து சில நாளேயான குட்டி ஆகியவற்றின் மூளையை எடுத்துக்கொண்டார். வளர்ந்தடர்ந்த காட்டில் எந்தக் கிளை எந்த மரத்தினது என்று தெரியாது. நாற்றங்காலில் ஒவ்வொரு கன்றும் தனியே தெரியும். மேலும், இளம் நரம்பிழைகளைச் சுற்றிக் கொழுப்புறை இன்னும் படிந்திராது. அவ்வுறை படிந்த இழையில் வெள்ளிச் சாயம் நன்றாக ஏறுவதில்லை.

1888-ஆம் ஆண்டில் பறவைகளின் சிறுமூளையை ஆராய்ந்தபோது அவர் கண்டது இதுதான். ஒரு நரம்பு செல்லின் நீண்ட இழை அடுத்த செல்லைக் கூடைபோல் சுற்றிக்கொள்கிறது. அல்லது கொடிபோல் அதன் கிளைகளில் படர்கிறது. நெருங்கித் தொடும் அளவுக்கு வருகிறது; ஆயினும் ஒன்றோடொன்று கலப்பதில்லை. ஒவ்வொரு இழைக்கும் தெளிவான முடிவு உண்டு. ஆகவே மூளை ஒரே வலையன்று. தனித்தனி செல்களின் கூட்டம். இந்த முடிவைத் தாமே பணம் போட்டுத் தொடங்கிய ஆய்விதழில் வெளியிட்டார். அச்சிட்டவை அறுபது படிகளே. அவற்றிலும் பெரும்பாலானவற்றை வெளிநாட்டு அறிஞர்களுக்கு அஞ்சலில் அனுப்பினார். அஞ்சல் செலவுக்கும் அச்சுக்கூலிக்கும் வீட்டுச் செலவைக் குறைக்க வேண்டியிருந்தது. சதுரங்க ஆட்டத்தில் மிகுந்த பற்றுடைய அவர், அதில் காலம் வீணாவதை உணர்ந்து அதனை விட்டார். பார்சிலோனாவில் இருந்தபோதே அவருடைய சிறு மகள் ஒருத்தி மூளைக்காய்ச்சலால் இறந்தாள். அக்குழந்தை நோயுற்றுக் கிடந்த இரவுகளில் தாம் நுண்ணோக்கியில் கண் பதித்திருந்ததை அவர் துயரத்தோடு எழுதியிருக்கிறார். பெரியோர் வரலாற்றில் இத்தகைய பக்கங்களை விட்டுவிட்டுப் படிப்பது நேர்மையன்று.

அறுபது படிகளை அனுப்பியும் மறுமொழி அரிதாகவே வந்தது. ஸ்பானிய மொழியில் எழுதப்பட்ட அறிவியலைப் படிப்பார் இல்லை. ஆகவே 1889-இல் சொந்தச் செலவில் ஜெர்மனிக்குப் புறப்பட்டார். பெர்லினில் உடற்கூற்றறிஞர்களின் மாநாடு நடந்தது. தம் சீவல்களை நுண்ணோக்கிகளின் கீழ் வைத்துக்கொண்டு ஓர் ஓரத்தில் நின்றார். ஜெர்மன் மொழி சரளமாக வராது. குகையில் தந்தை கற்பித்த பிரெஞ்சு மொழியைக் கொண்டு தட்டுத்தடுமாறி விளக்கினார். முதலில் அலட்சியமாகப் பார்த்தவர்கள் கண்ணை நுண்ணோக்கியில் வைத்ததும் வாயடைத்து நின்றனர். அத்துறையின் மூத்த பேரறிஞராகிய கோலிக்கர் அவரைப் பாராட்டியதோடு, தாம் முன்பு கொண்டிருந்த வலைக் கொள்கையையும் கைவிட்டார். எழுபதை எட்டியிருந்த அம்முதியவர் கஹாலின் கட்டுரைகளைப் படிப்பதற்காக ஸ்பானிய மொழியையே கற்றுக்கொண்டார். தம் கருத்து தவறு என்று கண்டபோது மாற்றிக்கொள்ளும் அந்தப் பெருந்தன்மை, கண்டுபிடிப்புக்கு இளைத்ததன்று என்பது என் கருத்து.

1891-இல் வால்டையர் என்னும் ஜெர்மானியர் நரம்பு செல்லுக்கு நியூரான் என்று பெயர் சூட்டினார். அவ்வாண்டே கஹால் இன்னொரு விதியை முன்வைத்தார். நரம்பு செல்லின் குறுங்கிளைகள் செய்தியை வாங்கிக்கொள்கின்றன. நீண்ட இழை அதனை அடுத்த செல்லுக்குக் கொண்டு செல்கிறது. செய்தி இயல்பாக ஒரே திசையில்தான் போகும். கண்ணிலும் மூக்கிலும் உள்ள நரம்பு செல்கள் எப்பக்கம் முகம் வைத்திருக்கின்றன என்பதைப் பார்த்தே இதை ஊகித்தார். உயிரற்ற, சாயமேற்றிய சீவலை வைத்துக்கொண்டு உயிருள்ள மூளையில் செய்தி ஓடும் திசையைச் சொல்லியது எத்தகைய நுண்ணறிவு! 1892-இல் மாட்ரிட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 1894-இல் இலண்டன் அரசவைக் கழகத்தில் சொற்பொழிவாற்ற அழைக்கப்பட்டு, ஷெரிங்டன் என்னும் ஆங்கில அறிஞரின் இல்லத்தில் தங்கினார். அதே ஷெரிங்டன்தான் 1897-இல், இரு நரம்பு செல்கள் நெருங்கும் இடத்துக்குச் சினாப்சு என்று பெயரிட்டார். கிரேக்கச் சொல்லான அதற்குக் கைகோத்தல் அல்லது பற்றுதல் என்று பொருள் கூறலாம். நம் பாடநூல்கள் நரம்புச் சந்தி என்று வழங்குகின்றன.

செல்கள் தனித்தனி என்றால், இடைவெளியைச் செய்தி எவ்வாறு தாண்டுகிறது? கஹால் காலத்தில் விடை கிட்டாத இவ்வினாவுக்குப் பின்வந்தோர் விடை கண்டனர். அதை இளைஞர்கள் தெளிவாக அறிந்துகொள்ளுதல் வேண்டும்.

நரம்பு செல் ஓய்ந்திருக்கும்போது அதன் உட்புறம் வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 70 மில்லிவோல்ட் எதிர்மின் தன்மையுடையது. கைவிளக்கில் இடும் மின்கட்டையின் ஒன்றரை வோல்ட்டில் இது இருபதில் ஒரு பங்களவே. தூண்டல் வந்ததும் செல்லின் சவ்விலுள்ள நுண்வாயில்கள் திறந்து சோடியம் அயனிகள் உள்ளே பாய்கின்றன. ஓரிடத்தில் நேர்ந்த மாற்றம் அடுத்த இடத்து வாயில்களைத் திறக்கிறது. இவ்வாறு மின்னலை இழைநெடுகச் செல்கிறது. கொழுப்புறையுள்ள பெரிய இழைகளில் இது நொடிக்கு நூறு மீட்டருக்கும் மேலாகப் போகும். இழையின் நுனியை அடைந்ததும் வழி முடிந்துவிடுகிறது. எதிரே இருப்பது ஏறத்தாழ 20 நானோமீட்டர் அகல இடைவெளி. அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு. அவ்வளவு சிறிய பள்ளத்தையும் மின்னலை தாண்டுவதில்லை. மாறாக, நுனியில் கால்சியம் அயனிகள் உட்புகுகின்றன. அங்கே சிறு பைகளில் அடைத்து வைக்கப்பட்டுள்ள வேதிப்பொருள் உடனே இடைவெளியில் கொட்டப்படுகிறது. ஒரு பையில் பல ஆயிரம் மூலக்கூறுகள் இருக்கும். அவை எதிர்க்கரையிலுள்ள ஏற்பிகளில் போய்ப் பொருந்த, அடுத்த செல்லில் புதிய மாற்றம் தோன்றுகிறது. ஓடக்காரன் ஆற்றைக் கடந்து கடிதத்தை அக்கரையில் சேர்க்க, அங்கிருந்து அஞ்சலோட்டக்காரன் எடுத்துச் செல்வது போன்றது இது. இவ்வளவும் நடந்து முடிய ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரமே ஆகிறது.

எல்லா வேதிப்பொருளும் தூண்டுவனவல்ல. சில அடுத்த செல்லை அடக்கி வைக்கும். ஒரு செல்லுக்கு ஆயிரக்கணக்கான சந்திகள் வழியாகத் தூண்டலும் தடையும் வந்து குவிகின்றன. அவற்றைக் கூட்டிக் கழித்து, எல்லையைத் தாண்டினால் மட்டும் அது செய்தியை மேலே அனுப்பும். மனித மூளையில் இத்தகைய செல்கள் ஏறத்தாழ 8,600 கோடி உள்ளன.

செய்தி வேதிப்பொருளாலேயே கடக்கிறது என்பதை முதலில் மெய்ப்பித்தவர் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் பணியாற்றிய ஓட்டோ லோவி. 1921-இல் அவர் அதனை வெளியிட்டார். இரண்டு தவளை இதயங்களை எடுத்து உப்புநீரில் துடிக்க வைத்தார். முதல் இதயத்தின் நரம்பைத் தூண்டினால் அதன் துடிப்பு மெதுவாகும். அவ்விதயத்திலிருந்த நீரை எடுத்து இரண்டாவது இதயத்தில் விட, நரம்பே தொடாத அதுவும் மெதுவாகத் துடித்தது. நரம்பிலிருந்து ஏதோ ஒரு பொருள் நீரில் இறங்கியிருக்க வேண்டும் என்பது தெளிவாயிற்று. அப்பொருள் அசிட்டைல்கோலின் என்று பின்னர் அறியப்பட்டது. இச்சோதனை தமக்குக் கனவில் தோன்றியது என்று லோவி கூறியதுண்டு. 1936-இல் ஹென்றி டேல் என்பாரோடு நோபெல் பரிசு பெற்றார். யூதராகப் பிறந்த குற்றத்துக்காக 1938-இல் நாஜிகள் அவரைச் சிறையிலிட்டு, பரிசுப் பணத்தையும் பறித்துக்கொண்டே நாட்டைவிட்டு வெளியேற விட்டனர்.

அசிட்டைல்கோலின் தன் வேலையை முடித்தவுடன் ஒரு நொதி அதனைச் சிதைத்து இடைவெளியைத் துப்புரவாக்கிவிடும். இல்லாவிடில் முன்னர் வந்த செய்தியே ஓயாது ஒலித்துக்கொண்டிருக்கும். வயல்களில் தெளிக்கும் பூச்சிமருந்துகளில் கரிமப் பாஸ்பரஸ் வகையைச் சேர்ந்தவை இந்த நொதியைத்தான் முடக்குகின்றன. பூச்சி சாவதும் அதனால்தான். தெளிக்கும் மனிதனுக்கு வாயில் நீரூறி, கண்பாவை சுருங்கி, தசை துடித்து, மூச்சுத் திணறுவதும் அதனால்தான். அம்மருந்து மூக்கால் மட்டுமன்று, தோல் வழியாகவும் உடலில் ஏறும். கூலிக்கு மருந்தடிக்கப் போகும் தம்பிமார்கள் வெற்றுடம்போடு போகலாகாது. வேலை முடிந்ததும் உடுத்த துணியைக் களைந்து, சோப்பிட்டுக் குளித்த பிறகே உணவில் கைவைக்க வேண்டும். மேற்சொன்ன குறி ஒன்று தோன்றினாலும் தாமதியாது மருத்துவமனைக்கு எடுத்துச் செல்ல வேண்டும். அட்ரோபின் என்னும் மாற்று மருந்து அங்கு உண்டு. நரம்புச் சந்தியைப் பற்றிய அறிவு ஆய்வுக்கூடத்துக்கு மட்டும் உரியதென்று எவரும் எண்ண வேண்டா.

கஹாலின் வரலாற்றுக்குத் திரும்புவோம். 1906-ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபெல் பரிசைக் கஹாலுக்கும் கோல்ஜிக்கும் சேர்த்தே வழங்கினர். ஒருவர் கண்ட சாயமுறையால் மற்றவர் உண்மையைக் கண்டார். ஆயினும் இருவர் கொள்கையும் நேர்மாறானவை. டிசம்பர் திங்களில் ஸ்டாக்ஹோம் நகரில் இருவரும் ஒரே மேடை ஏறினர். கோல்ஜி தம் சொற்பொழிவில் நரம்பணுக் கொள்கையையே தாக்கிப் பேசினார். மறுநாள் கஹால், தாம் கண்டவற்றை அமைதியாக எடுத்துரைத்தார். கோல்ஜியின் சாயமுறைக்கு உரிய மதிப்பையும் அளித்தார். உள்ளத்தில் அவருக்கு வருத்தம் இருந்தது என்பது அவர் தன்வரலாற்றால் விளங்கும்.

அதே ஆண்டில் அவரைக் கல்வியமைச்சராக்க முயன்றனர், அவர் ஏற்கவில்லை. அதற்கு முன்னர் அரசு அவருக்கென ஓர் ஆய்வுக்கூடம் அமைத்து ஊதியம் குறித்தபோது, அது மிகையென்று கூறிக் குறைத்துக்கொண்டவர் அவர். பதவியை மறுத்தவர் பொறுப்பை மறுக்கவில்லை. ஸ்பானிய மாணவர்களை உதவித்தொகை தந்து வெளிநாடுகளுக்குப் படிக்க அனுப்பும் குழு 1907-இல் அமைந்தபோது அதன் தலைமையை ஏற்றுப் பல்லாண்டுகள் நடத்தினார். பெர்லினில் சொந்தக் காசில் போய் ஓரமாக நின்றவருக்கு அதன் அருமை தெரிந்திருந்தது.

அவர் சொன்ன எல்லாமே அப்படியே நின்றுவிட்டன என்றும் கூறுவதற்கில்லை. 1950-களின் இறுதியில் நண்டினத்தைச் சேர்ந்த ஓர் உயிரியின் நரம்புகளில், செல்கள் நுண்குழல்களால் நேரே இணைக்கப்பட்டு மின்னோட்டம் தடையின்றிக் கடக்கும் சந்திகள் இருப்பதாகத் தெரிய வந்தது. அத்தகையவை மனித மூளையிலும் ஆங்காங்கே உண்டு. ஆயினும் பெரும்பாலான சந்திகள் கஹால் கூறியவாறு இடைவெளி உடையவையே. அவ்விடைவெளியை அவர் கண்ணால் கண்டதில்லை. அவருடைய நுண்ணோக்கிக்கு அந்த ஆற்றல் இல்லை. 1950-களின் நடுவில் எலக்ட்ரான் நுண்ணோக்கியைக் கொண்டு ஆராய்ந்த பிறகே இரு சவ்வுகளையும் இடையே உள்ள பள்ளத்தையும் வேதிப்பொருள் அடைத்த சிறு பைகளையும் படமாகப் பார்க்க முடிந்தது.

1922-இல் பேராசிரியப் பதவியிலிருந்து ஓய்வு பெற்றார். 1930-இல் துணைவியார் சில்வேரியா மறைந்தார். காது மங்கியது, தூக்கம் குறைந்தது, எழுத்து மட்டும் நிற்கவில்லை. வலைக் கொள்கை சிலரிடம் மீண்டும் தலைதூக்கியதைக் கண்டு, எண்பது வயதைத் தாண்டிய நிலையில் 1933-இல் அதை மறுத்து ஒரு நெடுங்கட்டுரை எழுதினார். 1934-ஆம் ஆண்டு அக்டோபர் 17-ஆம் நாள் மாட்ரிட்டில் காலமானார்.

நுண்ணோக்கியில் ஒரு கண்ணை வைத்துத் தாளில் மையால் அவர் வரைந்த நரம்பணு ஓவியங்கள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவை இன்னும் மாட்ரிட்டில் பாதுகாக்கப்படுகின்றன. 2017-இல் அவற்றை ஐக்கிய நாடுகளின் கல்விப் பண்பாட்டு அமைப்பு உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்துக்கொண்டது. மருத்துவக் கல்லூரிப் பாடநூல்களில் அவ்வோவியங்கள் இன்றும் அச்சாகி வருகின்றன.